நெருங்கி வளரும் கோவையும் கட்டட அழகும்

2011-ஆம் ஆண்டில் சுற்றுப்புற உள்ளாட்சிகளை இணைத்துக்கொண்டு 100 வார்டுகளும் சுமார் 257 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டதாக விரிந்த கோவை மாநகராட்சி, இனியும் விளைநிலங்களை விழுங்கிப் பரவுவதா, இருக்கும் நிலத்திலேயே மாடிகளாக உயர்ந்து நெருங்கி வளர்வதா என்ற கேள்வியின் முன் நிற்கிறது. நிலத்தைக் காக்கும் வழி இரண்டாவதே எனினும், தனி வீடுகள் நிறைந்த தெருவில் அடுக்ககம் எழும்போது, தண்ணீரும் நெரிசலும் பற்றிய அச்சத்தோடு கட்டடத்தின் தோற்றமும் சேர்ந்தே அக்கம்பக்கத்தாரின் மனத்தை அதற்கு எதிராகத் திருப்புகிறது.

அடர்த்தியை அளப்பது எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. அதாவது, எல்லா மாடிகளின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதைச் சாதாரணக் கட்டடங்களுக்கு 2 எனவும், உயரமான அடுக்ககங்களுக்கு அதிகபட்சம் 3.25 எனவும் வகுத்தன. உயரம், பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம் ஆகியவற்றை எண்ணால் வரையறுக்கும் இவ்விதிகள், கட்டடம் தெருவை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதைப் பெரிதும் கட்டுவோரின் விருப்பத்துக்கே விடுவதால், தரைத்தளம் முழுவதும் தூண்களும் கார்களுமாக, உயர்ந்த மதிலுக்குப் பின் ஆள் நடமாட்டம் தெரியாத கட்டடங்கள் பெருகுகின்றன.

கொங்கு வட்டாரத்தின் மரபு இதற்கு மாறானது. தொட்டிக்கட்டு வீடு நடுமுற்றத்தால் காற்றும் வெளிச்சமும் பெற்று, திண்ணையால் தெருவோடு உறவு கொண்டது. ஒரே வாசலைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வளவு, மாடியின்றியே நெருங்கி வாழ இடமளித்தது. இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி குறைந்த வருவாயினருக்காக வடிவமைத்து, 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற ஆரண்யா குடியிருப்பும் சிறு பொது முற்றங்களையும் வாசல் மேடைகளையும் சுற்றியே அமைந்திருப்பதால், அழகுக்குப் பெரும் பணம் வேண்டும் என்ற எண்ணம் பிழையெனத் தெளிகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குத் திறந்த சாளரங்கள், வெயிலைத் தடுக்கும் ஆழ்ந்த பால்கனிகள், தரைத்தளத்தில் சிறு கடைகள், மர நிழல் விழும் நடைபாதை ஆகியவற்றை அடுக்ககத்திலும் அமைக்க இயலும். அவை கண்ணுக்கு இனிமையையும் அறைக்குக் குளிர்ச்சியையும் ஒருங்கே தரும்.

சிங்காநல்லூர் உழவர் சந்தை அருகே வீட்டுவசதி வாரியம் கட்டிப் பழுதடைந்த 960 வீடுகளின் மறுகட்டுமானம் போன்ற பொதுத் திட்டங்களே இதற்கு முன்மாதிரியாகத் தக்கவை. வீடுகளின் எண்ணிக்கையோடு தெருமுகம், முற்றம், நிழல் ஆகியவற்றையும் ஒப்புதலுக்கு உரிய நிபந்தனைகளாக வாரியமும் மாநகராட்சியும் எழுதி வைக்க வேண்டும். வரைபடங்களை முன்கூட்டியே மக்கள் பார்வைக்கு வைத்து, அங்கு வாழப்போவோரின் கருத்தையும் கேட்க வேண்டும்.