விழுந்து எழுந்த ஜப்பான் வீடியோ கேம்

ஒரு காலத்தில் வீடியோ கேம் என்றாலே ஜப்பான்தான். பிறகு, ஜப்பான் கதை முடிந்தது என்று ஜப்பானியரே சொல்லும் நிலை வந்தது. இன்று மறுபடியும் அந்நாட்டு விளையாட்டுகளுக்கு உலகெங்கும் தனி மவுசு! இந்த ஏற்றத்துக்குக் காரணம் பெரிய முதலாளிகள் மட்டும் அல்ல, மாதச் சம்பளக்காரர்களும்தான்.

எந்திரம் பழுது பார்த்தவர்

கியோட்டோ நகரில் 1889-ம் ஆண்டு தொடங்கப்பட்ட நிண்டெண்டோ, முதலில் சீட்டுக்கட்டு தயாரித்த கம்பெனி. 1965-ல் அங்கே எந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார் குன்பெய் யோகோய். ஓய்வு நேரத்தில், நீட்டி மடக்கும் கை போன்ற ஒரு பொம்மையைச் செய்து வைத்திருந்தார். அது முதலாளியின் கண்ணில் பட்டது. திட்டு விழவில்லை, அதையே தயாரித்து விற்கும்படி உத்தரவு வந்தது. 1966-ல் வெளியான அந்தப் பொம்மை, 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

பின்னர் ஒரு முறை புல்லட் ரெயிலில், பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக் கொண்டிருந்த பயணி ஒருவரை யோகோய் பார்த்தார். கையடக்க விளையாட்டுக் கருவிக்கு அதுவே வித்து. 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. 1989-ல் 'கேம் பாய்' வந்தது. போட்டிக் கம்பெனிகள் வண்ணத் திரை காட்டின. ஆனால் அவற்றின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. கேம் பாயில் வண்ணம் இல்லை. விலை குறைவு, பேட்டரி நீடித்தது. பழகிப்போன மலிவான பொருளைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே யோகோயின் கொள்கை.

பாலைவனத்தில் புதைந்த சரக்கு

1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் 'பேக்-மேன்' என ஜப்பான் விளையாட்டுகள் சக்கைப்போடு போட்டன. 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்ததே முக்கியக் காரணம். விற்காத சரக்கை அட்டாரி கம்பெனி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தது.

அந்த நேரத்தில்தான், 1985-ல், நிண்டெண்டோ அங்கே நுழைந்தது. ஷிகெரு மியமோட்டோ உருவாக்கிய மீசைக்காரர் மரியோ, வீடுதோறும் புகுந்தார். 1990-களில் இந்தியக் கடைவீதிகளில் விற்ற பல மலிவு விலை 'டி.வி. கேம்' பெட்டிகள், நிண்டெண்டோ கருவியின் நகல்களே. 2000-ம் ஆண்டில் வந்த சோனியின் 'பிளேஸ்டேஷன் 2', 15 கோடிக்கு மேல் விற்றது.

சறுக்கல்

2001-ல் மைக்ரோசாப்ட் களம் இறங்கியது. படத்தின் துல்லியம் கூடக்கூட, தயாரிப்புச் செலவும் எகிறியது. மேல்நாட்டுக் கம்பெனிகள் ஒரே மென்பொருள் கருவியைப் பல விளையாட்டுகளுக்குப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தன. ஜப்பானில் பலர் அதில் பின்தங்கினர். சிலர் மேல்நாட்டு ருசிக்கு ஆட முயன்று, சொந்த ருசியையும் இழந்தனர். ஜப்பான் வீடியோ கேம் தொழில் முடிந்துவிட்டது என்று 2009-ல் கேப்காம் கம்பெனியின் கெய்ஜி இனாஃபுனே வெளிப்படையாகவே பேசினார்.

29 வயதில் வேலை மாறியவர்

அதே 2009-ல்தான் 'டீமன்ஸ் சோல்ஸ்' வெளியானது. அதை உருவாக்கிய ஹிடெடகா மியாசாகி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்கு 29 வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். தடுமாறிக் கிடந்த திட்டம் ஒன்றை அவர் ஏற்றுக் கொண்டார். ஆடுபவர் திரும்பத் திரும்பத் தோற்று, தோல்வியில் பாடம் கற்று முன்னேற வேண்டிய கடினமான விளையாட்டு அது. அமெரிக்காவில் அதை வெளியிட சோனியே முன்வரவில்லை; வேறு கம்பெனி வெளியிட்டது. ஆடியவர்கள் வாய்வழியாகவே புகழ் பரவியது. 2014-ல் மியாசாகி தம் கம்பெனிக்கே தலைவர் ஆனார். 2022-ல் வந்த அவரது 'எல்டன் ரிங்', 2 கோடிக்கு மேல் விற்றது.

2016-ல் ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில், ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே மரியோ வேடத்தில் தோன்றினார். 2021-ல் டோக்கியோ தொடக்க விழாவில், வீடியோ கேம் இசைக்கு வீரர்கள் அணிவகுத்தனர்.

1997-ல் சாலை விபத்தில் காலமான யோகோய் இவற்றைப் பார்க்கவில்லை. ஆனால் 2017-ல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஸ்விட்ச்', போட்டிக் கருவிகளைவிட ஆற்றல் குறைந்தது. ரெயிலிலும் கையில் வைத்து ஆடக்கூடியது. விற்பனை 15 கோடிக்கு மேல்! பழுது பார்க்க வந்தவரின் கொள்கை இன்னும் பலன் தருகிறது.