டியூஷனுக்குக் கடன் கேட்கும் முன்...



குழுக் கூட்டத்தில் கடன் எதற்கு என்று கேட்டால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எங்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் "பிள்ளைக்கு டியூஷன்". கேட்பதில் தப்பில்லை. ஆனால் நாலாம் வகுப்பு வந்தும் நாலு வரி வாசிக்கத் திணறுகிறது, டியூஷன் மாற்றி மாற்றிப் போட்டும் மண்டையில ஏறல என்றால், காரணம் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். கற்றல் குறைபாடுகளில் இது ஒரு வகை.

இது மனவளர்ச்சிக் குறைவு அல்ல. கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லும். சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டும். காதில் விழும் ஒலியையும் கண்ணில் படும் எழுத்தையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் சிக்கல். நம் தமிழையே பாருங்கள். 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, சொல்லும்போது அந்த ஒலி பின்னால் வருகிறது. 'கடல்' என்பதில் ஒரு 'க', 'தங்கம்' என்பதில் வேறு மாதிரி 'க'. நாம் யோசிக்காமல் தாண்டிவிடுகிறோம். இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் மேடு. நேற்றுப் படித்த சொல் இன்று புதுசாகத் தெரியும். பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், அது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. நம் ஊருக்கு வேலைக்கு வந்த ஒடியா, இந்தி பேசும் குடும்பத்துப் பிள்ளை தமிழில் திணறுவதும் வேறு விஷயம்.

"உங்க அப்பா மாதிரியே மக்கு" என்று வீட்டில் திட்டுகிறோமே, அதில் பாதி உண்மை. இது பரம்பரையாக வருவதுண்டு. மக்கு என்பதுதான் பொய்.

இதற்கு மாத்திரை, டானிக் கிடையாது. சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பது ஒரு வழி, அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதின மாதிரி. 1990களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. ஆனால் 2007ல் 'தாரே ஜமீன் பர்' இந்திப் படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1995 சட்டத்தில் இது இல்லை. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு போன்றவற்றைக் கேட்க வழி உண்டு. "சர்டிபிகேட் வாங்கினா நாளைக்குப் பொண்ண யார் கட்டுவா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் எட்டாம் வகுப்பு வரை தள்ளிவிட்டு ஒன்பதில் நின்றுபோன பெண்ணுக்கு என்ன வழி? இங்கே பல கம்பெனிகளில் லைனில் நிற்கவே பிளஸ் டூ கேட்கிறார்கள்.

முதலில் கண், காது பரிசோதனை. பிறகு வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான், அரசு மருத்துவர் குழு பார்த்துத் தரும். விவரம் காஞ்சிபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் போய் நின்றால் அலைச்சல்தான் மிஞ்சும்.

தனியாக ஒரு அம்மா கேட்பது வேறு, குழு கேட்பது வேறு. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவை 2022ல் மாற்றியமைத்தபோது சுய உதவிக் குழு உறுப்பினருக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அந்த நாற்காலியில் இருக்கும் நம் சகோதரி அடுத்த கூட்டத்தில் இரண்டே கேள்வி கேட்கட்டும்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தச் சோதனை ஆயிற்று? சிறப்பாசிரியர் மாதம் எத்தனை நாள் வருகிறார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். பகல் ஷிப்டில் இருக்கும் அம்மாவின் பிள்ளைக்காகக் குழுவிலிருந்து யாராவது ஆசிரியரைப் பார்த்துவிட்டு வரலாம்.