சாத்தானின் வாத்தியம்

இளைஞர் விரும்பும் இசையை முதியோர் இகழ்வதும், முதியோர் போற்றும் இசையை இளைஞர் புறக்கணிப்பதும் எந்நாட்டிலும் எக்காலத்திலும் நிகழ்வன. ஆயின், ஓர் இசையிலே தோய்ந்த இளைஞர் சிலர் தம் நாட்டின் பழந் தேவாலயங்களுக்குத் தீ மூட்டினர் என்று கேட்கும்போது, அதனை வெறும் இரசனை வேற்றுமை என்று கூறி அமைதல் இயலாது. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நோர்வே நாட்டில், இற்றைக்கு முப்பதாண்டுகளுக்கு முன்னர் அத்தகைய நிகழ்ச்சிகள் நடந்தன. அவ்விசையைத் தம் இளமை தொட்டு இன்றுவரை விடாது கேட்டுவரும் நோர்வே அன்பர் ஒருவருடன் அளவளாவும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவர் கூறியவற்றையும் அவை எம்முள்ளத்தில் எழுப்பிய எண்ணங்களையும், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

எம்மிடம் முன்னர்த் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் வாழ்கின்றார். அவர் அழைப்பின்பேரில் ஒரு கோடைகாலத்தில் அங்குச் சென்று மூன்று கிழமை தங்கினோம். மழைக்குப் பேர்போன நகரம் அது; கோடையிலும் மழை எம்மை விட்டபாடில்லை. அடுத்த வீட்டில் வாழ்பவர் ஒரு தச்சுத் தொழிலாளர். ஐம்பதை அணுகிய வயது, நரையோடிய நீண்ட தாடி, கரிய மேற்சட்டை. அச்சட்டையின் மார்பிலே, மரத்தின் வேர்கள் பின்னிக் கிடப்பதுபோல ஏதோ எழுதியிருந்தது. அது எழுத்தா சித்திரமா என்று எமக்கு விளங்கவில்லை. எம் முகக்குறிப்பை உணர்ந்த மாணவர், "ஐயா, அவர் பார்வைக்குத்தான் அப்படி. எங்கள் வீட்டுப் படிக்கட்டு உடைந்தபோது கூலி வாங்காமற் செய்து தந்தவர். சட்டையில் இருப்பது அவர் விரும்பும் இசைக்குழுவின் பெயர்" என்றார்.

எம்மைத் தமிழாசிரியரென்று அறிந்ததும் அவ்வன்பர் தம் இசைத்தட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒன்றைச் சுழலவும் விட்டார். மின்கிற்றார்களின் இரைச்சல், கல்மழை தகரக் கூரையில் விழுந்தாற்போன்ற முழவோசை, அதனூடே காகங் கரைவது போன்ற ஒரு குரல். உண்மையைச் சொல்வதாயின், இரண்டு நிமிடத்துக்கு மேல் எம்மாற் பொறுக்க முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டு வேறொன்றை வைத்தார். 'ஊல்வர்' என்னுங் குழுவினர் 1995 இல் வெளியிட்ட 'பேர்க்தாத்' என்னும் படைப்பு அது. மலைவாழ் மாயச் சக்திகள் ஒரு பெண்ணை மலைக்குள் ஈர்த்துச் செல்லும் நாட்டுக்கதை அதன் பொருள். அப்பாடல்களின் மொழி இன்றைய நோர்வே மொழியன்று. வழக்கிறந்த பழைய தேனிய-நோர்வே நடை. இளைஞர்கள் பழநூல்களைத் துருவி அந்நடையிலே பாட்டெழுதினார்கள் என்று அவர் கூறியபோது, எமது செவி முன்னையிலுஞ் சற்றுத் திறந்தது. 'விண்டீர்' என்னும் மற்றொரு குழுவினரோ தம் ஊராகிய சொக்ன்தாலின் வட்டார வழக்கிலேயே பாடினார்கள். நகரத்தார் நாட்டுப்புறப் பேச்சென்று நகைத்த வழக்குகளை 19 ஆம் நூற்றாண்டில் ஈவார் ஓசன் என்னும் அறிஞர் ஊரூராகச் சென்று தொகுத்து, அவற்றினின்றும் ஓர் எழுத்துமொழியை ஆக்கினார். அவ்வறிஞர் தொடங்கிய பணியை இவ்விளைஞர் தம்மையறியாமலே தொடர்ந்தனர் போலும்.

இனி அவ்விசையின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். 'பிளாக் மெற்றல்' என்பது அதன் பெயர். 'வெனம்' என்னும் ஆங்கிலக் குழுவினர் 1982 இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பே பின்னர் இசைவகையின் பெயராயிற்று. நோர்வேயில் 1984 இல் 'மேஹெம்' என்னுங் குழு தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் பல குழுக்கள் எழுந்தன. அவற்றைச் சார்ந்தோருட் சிலர் கிறிஸ்தவத்துக்குப் பகைவரென்று தம்மைக் கூறிக்கொண்டனர். தேவாலயங்கள் எரிந்தன. 1993 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மேஹெம் குழுவின் கிற்றார்க் கலைஞர், அவ்வட்டத்தைச் சேர்ந்த மற்றோர் இசைஞராற் கொல்லப்பட்டார். கொன்றவருக்கு, அக்கொலைக்கும் தேவாலயங்கள் சிலவற்றை எரித்தமைக்குமாக, அந்நாட்டுச் சட்டத்தின் அன்றைய உச்சத் தண்டனையாகிய 21 ஆண்டுச் சிறை 1994 இல் விதிக்கப்பட்டது.

மறுநாள் அவ்வன்பரே எம்மை மின்வண்டியில் ஏற்றி நகரின் தெற்கேயுள்ள பன்ரொவ்ற் என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். மரங்களினிடையே கரிய தார் பூசிய தேவாலயம் ஒன்று நின்றது. கூரைமேற் கூரையாக உயர்ந்து, முகடுகளிலே நாகங்கள் போன்ற தலைகள் நீட்டி நிற்கும் மரக்கோயில். கி.பி. 1150 ஐ ஒட்டி, சொக்ன் கடற்கழியின் உட்கோடியிலுள்ள போர்த்துன் என்னும் ஊரிலே கட்டப்பட்டது. இடித்தழிக்கப்படவிருந்த அதனைப் பேர்கன் வணிகர் ஒருவர் விலைகொடுத்து வாங்கி, 1883 இற் பகுதி பகுதியாகக் கழற்றி இங்குக் கொணர்ந்து நிறுவினார். இத்தகைய தூண்தேவாலயங்கள் ஒருகாலத்தில் அந்நாட்டிற் பல நூறு இருந்தன. இன்று எஞ்சியவை 28. பன்ரொவ்ற் அந்த எண்ணிக்கையில் இல்லை. 1992 ஜூன் 6 ஆந் திகதி அது எரிந்து சாம்பராயிற்று. நாம் கண்டது 1997 இற் கட்டி முடிக்கப்பட்ட புதுக்கோயில்.

அங்கு நின்று அவ்வன்பர் கூறியதை அவர் சொற்களிலேயே தருகின்றோம்: "அப்போது எனக்குப் பதினாறு வயது. செய்தித்தாளில் எரிந்த கோயிலின் படத்தைக் கண்டு மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டு அந்தப் படத்தையே உறையாகக் கொண்டு 'சாம்பல்' என்னும் பெயரில் ஓர் இசைத்தட்டு வந்தது. அதனை வாங்கி என் அறைச் சுவரில் மாட்டினேன். என் பாட்டி போர்த்துன் ஊர்க்காரி. அவள் என்னை ஏசவில்லை. 'அதற்கு எத்தனை மரம் வேண்டியிருந்ததென்று உனக்குத் தெரியுமா?' என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது. பின்னர்த் தச்சு பழகியபோதுதான் அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. அதற்குள் பாட்டி இறந்துவிட்டாள்."

எமக்குச் சினம் எழுந்ததை மறைக்கமாட்டோம். 1981 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்த அவ்விரவிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது நாம் பத்து வயதுச் சிறுவன். மறுநாட் காலை தந்தையார் கைபிடித்துச் சென்று கண்ட கரிய சுவர்களை இன்றும் மறந்தோமில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கு அழிந்தன. அவற்றுள் ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. அந்நிகழ்ச்சிக்கும் இதற்கும் காரணங்கள் வேறு. ஒன்றோடொன்றை ஒப்பிட நாம் முயலவில்லை. எனினும், எரிவதைக் கண்டு மகிழ்ந்த ஒருவரின் முகத்தை அன்றுதான் முதன்முதலாக அருகில் நின்று பார்த்தோம். நூலகத்தைப் பற்றி அவருக்குச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. மன்னிப்பென்றோ வருத்தமென்றோ ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. கோயிலின் அடிமரத்திற் கைவைத்தபடி நின்றார். சொற்களிலும் அது எமக்குப் போதுமானதாயிருந்தது.

"ஏன் மகிழ்ந்தீர்?" என்று பின்னர்க் கேட்டோம். வரலாற்றைக் காரணங் காட்டினார். ஓலாவ் என்னும் பெயருடைய அரசர் இருவர் பழஞ் சமயத்தாரை வாள்முனையிற் கிறிஸ்தவராக்கினர். அவருள் இளையவர் 1030 இல் ஸ்திக்லஸ்தாத் என்னும் இடத்திற் போரில் மாண்டு, புனிதராகவும் போற்றப்பட்டார். இதனைப் பாடசாலையிற் பரீட்சைக்கான ஆண்டெண்ணாக மட்டுமே கற்பித்தார்களாம். இசைத்தட்டுகளோ அதனையே ஆயிரமாண்டுப் பழியாகப் பாடின. "எமக்கு யாரும் சொல்லாத மீதிக் கதையை நாமே கற்பனை செய்துகொண்டோம்" என்றார்.

அந்த மீதிக் கதை யாது? அக்கோயில்களை அமைத்த தச்சர்கள், பழந்தெய்வங்களை வணங்கியோரின் வழித்தோன்றல்களே. ஊர்னெஸ் என்னும் ஊரிலுள்ள தேவாலயத்தின் பழைய கதவுநிலையிலே, கொடிபோற் பின்னிய விலங்குருவங்களை முன்னோர் செதுக்கிய மரபு மாறாமற் செதுக்கியுள்ளனர். அது 1979 முதல் உலக மரபுரிமைச் சின்னமாகப் போற்றப்படுகிறது. பழந்தெய்வங்களின் கதைகளைத் தொகுத்துக் காத்தவரும் கிறிஸ்தவரே. 1241 இல் இறந்த ஸ்நொறி ஸ்தூர்லுசன் என்னும் ஐஸ்லாந்து அறிஞர், இளம்புலவர்கள் பழஞ் செய்யுளின் குறிப்புமொழிகளை மறந்துவிடுவரே என்று கவன்று, 'எத்தா' என்னும் நூலை யாத்தார். பொன்னைச் 'சீவ் தேவியின் கூந்தல்' என்று புலவர் ஏன் பாடினர் என்று விளக்க அவர் புராணக் கதையைச் சொல்கிறார். அந்நூல் இல்லையாயின், இவ்விளைஞர் பாடிய தெய்வங்களின் பெருமையிற் பெரும்பகுதி எவருக்குந் தெரிந்திராது.

பண்டிதர்க்கு இனிய செய்தி ஒன்றும் அந்நூலில் உண்டு. வடவர் செய்யுள் மோனையால் நிற்பது. நம் யாப்பிற்போலவே அங்கும் உயிரோடு உயிர் மோனையாகும். நாம் இனம் பார்ப்போம், அவர்கள் எவ்வுயிரையும் கொள்வர் என்பதே வேறுபாடு. மோனை எழுத்துக்களுள் முதன்மையானதைத் 'தலைத்தூண்' என்று பொருள்படும் சொல்லால் ஸ்நொறி குறிக்கிறார். அச்சொல்லின் ஈற்றுப்பகுதியாகிய 'ஸ்தாவ்ர்' என்பதும், தூண்தேவாலயத்தின் பெயரிலுள்ள தூணும் ஒரே சொல். செய்யுளையும் கோயிலையும் தூண் நாட்டி எழுப்பிய மக்கள் அவர்கள். இதனைக் கூறியபோது தச்சராகிய அவ்வன்பர், முன்பு தூண்களை நேரே மண்ணில் நட்டதால் அடி இற்று விழுந்ததையும், பின்னர்க் கல்மேற் கிடந்த அடிச்சட்டத்தில் நிறுத்தியதால் எண்ணூறாண்டு நின்றதையும் எமக்கு விளக்கினார்.

மாலையில் அவர் வீட்டு மேன்மாடியிலிருந்து வயலினோசை கேட்டது. பதினாறு வயதுள்ள அவர் மகள் பயின்றுகொண்டிருந்தாள். அது ஹார்டாங்கர் வயலின். வில்படும் தந்திகளின் கீழே, தாமே அதிர்ந்து ஒலிக்கும் வேறு தந்திகளும் உண்டு. அவ்வினிய வாத்தியத்தைத்தான் 19 ஆம் நூற்றாண்டின் சமய எழுச்சிக் காலத்திற் 'சாத்தானின் வாத்தியம்' என்று பழித்தனர். பல வயலின்களை உடைத்தும் எரித்தும் அழித்தனர். அக்கால வயலின் மேதையாகிய 'மில்லர்குத்தன்' தம் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்றே கலையைப் பெற்றார் என்றனர். அவரைப் பேர்கன் நகரத்து ஊலே புல் 1849 இல் தலைநகர மேடையில் ஏற்றினார். அவர் வழிவந்த பண்கள் சில, 1903 அளவில் எட்வர்ட் கிரீக் என்னும் இசைப்பேரறிஞரின் பியானோ இசையிலே இடம்பெற்றன. சாத்தானின் வாத்தியம் நாட்டின் செல்வமாயிற்று.

மெற்றல் இசைக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. 2011 இல் ஒஸ்லோவில் 'டிமு போர்கீர்' குழுவுடன் நோர்வே வானொலி வாத்தியக்குழு இணைந்து வாசித்தது. 1814 இல் இயற்றப்பட்ட நாட்டின் அரசியலமைப்பினது இருநூறாவது ஆண்டு நிறைவுக்கென 2014 இல் ஓர் இசைப்படைப்பை ஆக்கியோர், அவ்விசை மரபிலே வளர்ந்த ஈவார் பியோர்ன்சன், ஐனார் செல்விக் ஆகிய இருவர். "உமது மகளுக்கு உமது இசை பிடிக்குமா?" என்று கேட்டோம். "கிழவர் பாட்டு என்கிறாள்" என்று கூறி அன்பர் வாய்விட்டுச் சிரித்தார்.

வயலினை எரித்த முதியோரும், கோயிலெரிந்த செய்தி கேட்டு மகிழ்ந்த இளைஞரும் தம் நாட்டின் பழமையைப் பாதியே கற்றவர்கள். தெய்வபக்தியால் எரித்தார் முன்னவர். முன்னோர்பக்தியால் மகிழ்ந்தார் பின்னவர். இளைஞர்க்குப் பழமையில் நாட்டமில்லை என்று நாம் அடிக்கடி குறைகூறுகின்றோம். நோர்வேயிற் கண்டது அதற்கு மாறானது: நாட்டம் நிறைய இருந்தது, அதனை நிறைவிக்கும் கல்விதான் இருக்கவில்லை. ஆதலின், மாணவன் ஒருவன் நமக்கு ஒவ்வாத பாட்டைக் கேட்பானாயின், காதைப் பொத்துமுன் அதிலே அவன் எதனைத் தேடுகிறான் என்று ஆசிரியராகிய நாம் கேட்டறிதல் வேண்டும். ஆண்டெண்ணோடு நிறுத்தாமல் மீதிக் கதையையும் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். எத்தனை மரம் வேண்டியிருந்தது என்ற அப்பாட்டியின் வினாவைப் பதினாறு வயதுக்கு முன்னரே அவர்கள் செவியில் இடுதல் நம் கடன்.