ராணி ஜோடியைக் கவிழ்க்கும் நேரம்

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் உங்கள் கையில் இரண்டு ராணி. மேசையில் விரிந்தவை 9, 7, 2. ஒன்பதும் ஏழும் ஆட்டின் (ஹார்ட்ஸ்) இனம். மேசைச் சீட்டு எல்லாவற்றையும் விஞ்சிய ஜோடி என்பதால் இதை ஓவர்பேர் என்பார்கள். நீங்கள் கட்டிய பந்தயத்தை எதிராளி மூன்று மடங்காக ஏற்றுகிறார். அவரிடம் மூன்று ஒன்பதோ ஏழோ சேர்ந்து ‘செட்’ ஆகியிருந்தால், உங்கள் ராணிகள் பிழைப்பது நூற்றில் எட்டு ஒன்பது தடவைதான். பிடித்து வைப்பதா, கவிழ்த்துப் போடுவதா?

1970களில் லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் இதற்கான விடை எதிராளியின் முகத்தில் இருந்தது. 1976, 1977 இரண்டு ஆண்டும் போக்கர் உலகத் தொடரை வென்ற டாயில் பிரன்சன் டெக்சாஸில் ஊர் ஊராகப் போய் ஆடிப் பழகியவர். அத்தகையவர்கள் ஒரே ஆட்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர்கள். வெறுங்கையோடு ஏற்றும் துணிச்சல் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதை இன்னொருவருக்குச் சொல்லித்தருவதுதான் கஷ்டம்.

பிறகு 2003 வந்தது. இணையப் போட்டி வழியாக இடம்பிடித்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் உலகத் தொடரை வென்று 25 லட்சம் டாலரை எடுத்துப்போனார். அந்த ஆண்டு 839 பேர் ஆடிய போட்டியில் 2005இல் 5,619 பேர். திரையில் முகம் ஏது? அதனால் விதிகள் பிறந்தன. ‘பலூகா விதி’ அவற்றில் புகழ்பெற்றது: மேசையில் நான்காவது சீட்டு விழுந்தபின் எதிராளி ஏற்றினால், ஒற்றை ஜோடியின் மதிப்பை மறுபடி யோசி. பெரும்பாலோர் அதை ‘போட்டுவிடு’ என்றே வாசித்தார்கள்.

2015இல் வந்த பயோசால்வர் மென்பொருள் கேள்வியையே திருப்பிப் போட்டது. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. என்னென்ன இருக்கக்கூடும், ஒவ்வொன்றும் எத்தனை விதம் என்று எண்ணுகிறது. நம் மேசையில் செட் அமைய 9 வழி. நேர்வரிசைக்கு ஏங்கும் ஒரே இனப் பத்து–எட்டு 4 வழி, எட்டு–ஆறு 4 வழி. ஆட்டினை எதிர்பார்த்து நிற்பவை தனி. அடுத்தது விலை. மேசை நடுவில் சேர்ந்த பணம் 100 இருக்க அவர் 100 கட்டினால், மூன்றில் ஒரு தடவை நீங்கள் ஜெயித்தாலே நஷ்டமில்லை. அவருடைய ஒவ்வொரு மிரட்டலுக்கும் பயந்து கவிழ்த்தால், அவர் எந்தச் சீட்டோடும் மிரட்டலாம்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு நுணுக்கம். கடைசிவரை மூன்றாவது ஆட்டின் விழவில்லை, அவர் பெரிதாகக் கட்டுகிறார் என்று வையுங்கள். உங்கள் ராணிகளில் ஒன்று ஆட்டின் ராணியாக இருந்தால், கவிழ்க்கக் காரணம் கூடுகிறது. ஆட்டினில் ஏஸ்–ராணி, ராஜா–ராணி அவரிடம் இருக்க வழியில்லை. தவறிப்போய் மிரட்டும் கைகள் குறைந்துவிட்டன. இரண்டும் கறுப்பு ராணி என்றால் பணத்தைப் போடத் துணியலாம். பழைய ஆட்டக்காரர் சிரித்திருப்பார். ஆனால் 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் லிப்ரேட்டஸ் என்ற நிரல் 1,20,000 கைகள் ஆடி நான்கு தொழில்முறை வீரர்களைத் தோற்கடித்தபின் சிரிப்பவர் குறைவு.

இருந்தும் ஒரு எச்சரிக்கை. மென்பொருள் கற்பனை செய்யும் எதிராளி சரியான அளவில் பொய் சொல்பவர். சின்னப் பந்தய மேசைகளில் உட்காருவோர் அவ்வளவு பொய் சொல்வதில்லை. இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பெரியவர் நான்காவது சீட்டில் திடீரென்று ஏற்றினால், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எந்த நிற ராணியானாலும் கவிழ்த்துவிடுங்கள்.