வளைந்த மரமும் வளைந்த எஃகும்



பழம்பொருள் விற்கும் கடைகளுக்கு இளைஞர்கள் இன்று விருப்பத்துடன் செல்லுகின்றனர். எண்வட்டைச் சுழற்றிப் பேசும் தொலைபேசி, மரப்பெட்டி வானொலி, விந்தையான விளக்கு என்று வீட்டிற்கு அழகு சேர்க்கும் பொருள்களைத் தேடுகின்றனர். அவற்றுள் பல கண்ணுக்கு மட்டுமே விருந்து. சில கருத்துக்கும் விருந்து. இரண்டாம் வகையைச் சேர்ந்த நாற்காலி ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

பம்பாயின் பழைய ஈரானி உணவகங்களைக் காட்டும் படங்களில் இவ்வகை நாற்காலியை நீங்கள் கண்டிருக்கலாம். வட்டமான இருக்கை, அதில் பிரம்புப் பின்னல். பின்னங்கால் இரண்டும் முதுகு சாயும் வளைவும் ஒரே கோலால் ஆனவை. ‘ப’ என்னும் எழுத்தைக் கவிழ்த்து மூலைகளை உருட்டினாற்போல் அது நிற்கும். அதனுள்ளே அதே வடிவில் சிறியதொரு வளைவு. வேறு அணியோ செதுக்கலோ கிடையாது. இதனைச் செய்த வியன்னா நகரத்து நிறுவனம் 1859-இல் இட்ட பெயரும் அவ்வளவு எளியதே: எண் 14.

அழகுக்காக வளைத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வளைந்த உறுப்பு வேண்டுமானால் தச்சர் வழக்கமாக என்ன செய்வார்? அகன்ற பலகையில் வளைவை வரைந்து, அதன் வழியே அறுப்பார். மரம் வீணாவது ஒருபுறமிருக்கட்டும். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. மரம் நீளவாட்டில் ஓடும் நார்களால் ஆனது. நாரின் போக்கில் வலிமை மிகுதி. குறுக்கே மிகக் குறைவு. அறுத்த வளைவில் நார்கள் நேரே ஓட, வளைவு அவற்றை இடையிலே துண்டித்துவிடுகிறது. மெல்லிய கோலானால் அவ்விடத்தில் முறியும். ஆகவே தடிமனாக விட வேண்டும், நாற்காலி கனக்கும்.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் மைக்கேல் தோனெட். 1796-இல் ரைன் நதிக்கரையிலுள்ள பொப்பார்ட் என்னும் ஊரில் பிறந்தவர். மெல்லிய மரத்தகடுகளை வச்சிரப் பசையில் கொதிக்கவைத்து, அடுக்கி வளைத்து நாற்காலி செய்யத் தொடங்கினார். ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் ஆதரவால் 1842-இல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். நாற்காலிகள் கடல் கடந்து செல்லத் தொடங்கியதும் புதியதொரு தொல்லை தோன்றியது. ஈரமும் வெப்பமும் மிக்க நாடுகளில் வச்சிரம் இளகித் தகடுகள் பிரிந்தன. நம்முடையதைப் போன்ற தட்பவெப்பமே அவரை அடுத்த படிக்குத் தள்ளியது எனலாம். பசையே வேண்டாம், முழு மரத்தையே வளைத்தால் என்ன?

பச்சைப் புளியம் விளாரை வளைத்துப் பாருங்கள். (என் தலைமுறை மாணவர்களுக்கு அதனை நினைவூட்ட வேண்டியதில்லை!) வெளிப்புறம் இழுபட்டு நீள்கிறது, உட்புறம் நெருக்குண்டு சுருங்குகிறது. மேலும் வளைத்தால் முதலில் வெளிப்புறமே பிளக்கும். காரணம் எளிது. நீராவியில் வெந்த மரம் நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேலாகச் சுருங்க இடங்கொடுக்கும். நீள்வதற்கோ நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுகூட எளிதில் இணங்காது. தோனெட் இதனைப் பற்றிக்கொண்டார். கடைசல் பிடித்த பீச் மரக்கோலை நீராவியில் வேகவைத்தார். அதன் வெளிப்புறத்தில் எஃகுப் பட்டை ஒன்றை வைத்து, இரு முனைகளையும் அசையாதவாறு பிணைத்தார். பட்டை நீளாது, ஆகவே மரத்தின் வெளிப்புறமும் நீள வழியில்லை. வளைவின் சுமை முழுவதையும் சுருங்கும் உட்புறமே ஏற்றுக்கொண்டது. தன்னால் இயலாததைச் செய்யுமாறு மரத்தை அவர் கேட்கவில்லை. இயன்றதை மட்டுமே கேட்டார். இதற்குமேல் ஒரு தொழில்நுட்பத்துக்கு என்ன பாராட்டு வேண்டும்?

வெந்த கோல் சில நிமிடங்களில் விறைத்துவிடும். அதற்குள் வலிய ஆட்கள் சேர்ந்து இரும்பு அச்சில் அதனை வளைத்துப் பிணைக்க வேண்டும். பின்னர் அச்சோடு உலர்த்துவார்கள். முழு மரத்தை வளைக்கும் இம்முறைக்கு 1856-இல் காப்புரிமை கிடைத்தது. பீச் காடுகள் அடர்ந்த மொராவியப் பகுதியில் தொழிற்சாலை எழுந்தது. நாற்காலிக்கு ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவே. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. 1930-க்குள் ஏறத்தாழ ஐந்து கோடி நாற்காலிகள் விற்பனையாயின என்று கணக்கிடுகின்றனர்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், அலங்காரத்தையே வெறுத்த நவீனக் கட்டடக் கலைஞர்கள் தாத்தா காலத்துத் தோனெட் நாற்காலிகளைத் தேடிவந்தது வேடிக்கையன்று. 1925-இல் பாரிஸ் கண்காட்சியில் லெ கொர்புசியே தம் மாதிரி இல்லத்தில் அந்நிறுவனத்தின் வளைமர நாற்காலிகளையே இட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த மார்செல் புரூயர், தம் சைக்கிளின் கைப்பிடியைக் கண்டு, எஃகுக் குழாயில் நாற்காலி செய்ய முற்பட்டார். பின்னங்கால்களே இல்லாத குழாய் நாற்காலியை மார்ட் ஸ்டாம் 1927-இல் ஸ்டட்கார்ட் கண்காட்சியில் வைத்தார். 1928-இல் புரூயர் அமைத்த அத்தகைய நாற்காலியில் இருக்கையும் முதுகும் பழைய பிரம்புப் பின்னலே. எஃகின் மீள்தன்மை அதில் அமர்வோரை மெல்லத் தாலாட்டும். இக்குழாய் நாற்காலிகளைச் செய்து விற்றதும் தோனெட் நிறுவனமே!

இனி, கடைக்குச் செல்வோம். வளைந்த இடத்தில் மரத்தின் ரேகையை விரலால் தொடர்ந்து பாருங்கள். ரேகையும் வளைவோடு சேர்ந்து திரும்பினால் அது உண்மையாகவே வளைத்த மரம். ரேகை நேரே ஓடி விளிம்பில் மறைந்தால் அறுத்துச் செய்த போலி. இருக்கை வளையத்தின் அடிப்புறத்தில் நிறுவனத்தின் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கலாம். வேறு பெயர் இருந்தால் உடனே ஏமாற்று என்று எண்ணாதீர்கள். 1869-இல் காப்புரிமை நீங்கிய பிறகு கோன் முதலிய பல நிறுவனங்கள் இதே முறையில் நேர்மையாகச் செய்து விற்றன. ஆட்டம் கண்ட நாற்காலியைக் கண்டும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் திருகாணியை முறுக்கினால் போதும்.

பின்னல் அறுந்திருந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். அதுவே நல்ல வாய்ப்பு. சட்டம் நன்றாயிருந்தால் வாங்கலாம். ஆனால், பலர் செய்வதுபோல ஒட்டுப்பலகையை வைத்து ஆணி அடித்துவிடாதீர்கள். ஆணி இறங்கிய இடத்தில் வளையம் பிளக்கக்கூடும். நூறாண்டு நின்ற வளைவு ஒரு ஆணியால் வீணாகும். வளையத்தைச் சுற்றிலும் துளைகள் இருந்தால், பழைய பிரம்பைக் களைந்து புதியது பின்னலாம். பார்வையற்றோர் பள்ளிகள் பலவற்றில் இத்தொழிலைக் கற்பித்து வந்தனர். கண்ணால் காணாமல் விரலால் எண்ணியே அவர்கள் பின்னுவர். நெகிழி நாற்காலிகள் பெருகிய பின் அவர்கள் கைகளுக்கு வேலை அருகிவிட்டது. நாற்காலியை விலை பேசுவதற்கு முன்னரே, பிரம்பு பின்னுவோர் உங்கள் ஊரில் எந்தத் தெருவில் இருக்கின்றனர் என்று விசாரித்து வையுங்கள்.