149 டாலர் பிராசசர் செய்த மாயம்!

நாமகிரிப்பேட்டை என்றதும் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று மஞ்சள். மற்றொன்று நாதசுரம். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் (1924-2001) பெயரோடு கலந்த ஊர் அல்லவா?

மேளக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குக் கம்ப்யூட்டரின் ரகசியம் ஒன்று எளிதில் விளங்கும். தவில்காரரின் கை வேகம் எதைப் பொறுத்தது? தாளம் எவ்வளவு விரைவாக விழுகிறது. ஒரு தட்டுக்கு எத்தனை சொல் வாசிக்கிறார். இரண்டையும் பெருக்கினால் வேகம்!

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரும் அப்படியே. மதர்போர்டு தாளம் போடும். பிராசசர் அதற்கு இத்தனை மடங்கு என்று ஓடும். கம்பெனி குறித்த வேகத்தைத் தாண்டி அதை ஓட்டுவதற்கு 'ஓவர்கிளாக்' என்று பெயர்.

பூட்ட மறந்த கதவு

1998 ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி 'செலரான் 300ஏ' என்ற பிராசசரை வெளியிட்டது. மொத்தக் கொள்முதல் விலை 149 டாலர். அதே மாதம் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் 'பென்டியம் 2' விலையோ 669 டாலர்!

செலரானின் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ். அதாவது, நொடிக்கு ஆறரைக் கோடிக்கு மேல் தட்டு! மடங்கு நாலரை. ஆகவே வேகம் 300. மடங்கை மாற்ற முடியாதபடி கம்பெனி பூட்டிவிட்டது. தாளத்தைப் பூட்டவில்லை!

விஷயம் தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மதர்போர்டில் 66-ஐ 100 ஆக்கினார்கள். நாலரையால் பெருக்கினால் 450! ஏழை வீட்டுப் பிள்ளை பணக்கார வீட்டுப் பிள்ளையோடு சரிசமமாக ஓடியது. ஒன்றிரண்டல்ல, ஏராளமான செலரான்கள் இப்படி ஓடின.

காரணம் உண்டு. பென்டியம் 2-ன் 512 கே.பி. துணை நினைவகம் சில்லுக்கு வெளியே, பாதி வேகத்தில் இயங்கியது. செலரானில் 128 கே.பி.தான், ஆனால் சில்லுக்கு உள்ளேயே, முழு வேகத்தில்!

கதவு மூடியது

2011-ல் வந்த இன்டெல் பிராசசர்களில் எல்லா உறுப்புகளும் ஒரே தாளத்தில் கட்டப்பட்டன. தாளத்தை விரட்டினால் மற்றவை தடுமாறும். மடங்கைத் திறந்துவிட்ட 'கே' எழுத்துச் சில்லுகளுக்கு மட்டுமே சலுகை. அவற்றுக்கு விலை அதிகம்.

2014-ல் 72 டாலருக்கு ஒரு விதிவிலக்கு வந்தது: பென்டியம் ஜி3258. நன்றாகவே விரைந்தது. ஆனால் உள்ளே இரண்டே மூளை! அதே ஆண்டு வந்த 'பார் கிரை 4' விளையாட்டு அதில் தொடங்கவே மறுத்தது. வேகம் இருந்து என்ன பயன்?

மஞ்சள் விற்ற காசில்

இன்று நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விற்ற காசில் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் குடும்பம் எதைப் பார்க்க வேண்டும்?

இன்டெல் 'கே' சில்லுக்கு 'இசட்' வகை மதர்போர்டு வேண்டும். கூடவே விசிறி வராது. தனியாக வாங்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் அது மலிவா?

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600, 2022-ல் வந்தது. ஆறு மூளை, மடங்கு பூட்டப்படவில்லை, பெட்டியிலேயே விசிறி உண்டு. 'பி550' மதர்போர்டு போதும். மலிவு என்று 'ஏ520' வாங்கிவிட்டால் ஓவர்கிளாக் செய்ய இயலாது. கடைக்காரர் இதைச் சொல்லாமலும் விடலாம்!

ஆனால் பழைய அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. இப்போதைய பிராசசர்கள் தாமாகவே எல்லை வரை வேகம் கூட்டிக்கொள்கின்றன. கையால் கூட்டினால் கிடைப்பது சொற்பமே. அதற்குக் கொடுக்கும் விலை, வெப்பம். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றினால், வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடும்! கெட்டுப்போனால் உத்தரவாதமும் கை கொடுக்காது.

விசிறி அறைக் காற்றைத்தான் வீசும். சேலம், நாமக்கல் பக்கம் கோடையில் அந்தக் காற்றே 40 டிகிரியை நெருங்கும். மார்கழியில் சோதித்துப் பார்த்து, "நன்றாக ஓடுகிறது" என்று மகிழ்ந்த கம்ப்யூட்டர், சித்திரை மாத மத்தியானத்தில் பட்டென்று நின்றுவிடும்!