கச்சானைத் தாண்டும் கன்று

மாரி தொடங்கிவிட்டால் கல்முனைப் பக்கம் மரநடுகைக்குக் குறைவில்லை. பாடசாலை, பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம் என்று எல்லோர் கையிலும் கன்று இருக்கும். 2011 நவம்பர் 15 அன்று ‘தெயட்ட செவண’ திட்டத்துக்காக, 11 நிமிடத்தில் 11 இலட்சம் கன்றுகள் நடுவதென்று நாடே மண்வெட்டி எடுத்தது. கொண்டாட வேண்டிய வழக்கம்தான். காலமும் பொருத்தமானதே: நமது மண்ணுக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெய்கிறது. ஆனால் கன்றுக்குச் சோதனை ஜூனில், கச்சான் வீசும்போது வருகிறது.

கச்சான் ஏன் இப்படிச் சுடுகிறது? தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மலைநாட்டில் ஏறி, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. நீராவி மழைத்துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடும். அதனால் ஏறும் ஈரக்காற்று 100 மீற்றருக்குச் சுமார் அரைப் பாகைதான் குளிர்கிறது; ஈரம் இழந்து கிழக்கே இறங்கும் காற்றோ 100 மீற்றருக்கு ஒரு பாகை சூடேறுகிறது. நம் வாசலுக்கு வரும்போது அது வெந்து வறண்ட காற்று. பிற்பகலில் கடற்காற்று நுழைந்தால்தான் மூச்சுவிடலாம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் இந்த வெக்கை இன்னும் கடுமை. கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் ஒடுங்கிய மணற்தரையில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். கொங்கிரீட்டும் தார்வீதியும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகின்றன. மரம் இங்கே நிழல் மட்டும் தருவதில்லை. ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. வேருக்கு நீர் கிடைக்கும் பெரிய மரமொன்று நாளுக்கு 100 லீற்றரை இலைவழியே விட்டால், 67 யூனிட் வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து கழிகிறது. 12,000 பீ.டீ.யூ. ஏசி இரண்டு பத்து மணிநேரம் ஓடி அகற்றும் வெப்பம் இது. ஏசி அந்தச் சூட்டை ஒழுங்கையில் போவோர் மேல் தள்ளுகிறது. மரத்தால் யாருக்கும் அந்தத் தொல்லையில்லை.

கரையோர மரங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2004 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 உயிர்களுக்கு மேல் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் பக்கத்து நாலுவேதபதி மக்கள் 2002இல் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டுக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த அலையின் வேகத்தை அந்தத் தோப்பு தணித்தது. மரம் சுவரல்ல, தரையின் உயரமும் கடலிலிருந்துள்ள தூரமும் கூடச் சேதத்தைத் தீர்மானிக்கும். அலையைத் தணிக்கிறது என்பதற்காக எங்கும் சவுக்காகவே நடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சவுக்கின் உதிர்சருகு தரையை மூடினால் அடியில் வேறெதுவும் எளிதில் முளைக்காது. உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு, புன்னை, கொட்டாங்காய், தாழை ஆகியவற்றைக் கலந்து நடவேண்டும். ஊருக்குள்ளே வேம்பும் நாவலும் போதும்.

மணலில் ஊற்றிய நீர் நிற்காது. ஆகவே இரண்டடிக் குழி வெட்டி, தென்னை நடுவதுபோல் பொச்சுமட்டைகளை உட்புறம் மேல்நோக்க இரண்டடுக்கு அடுக்கி, அதன்மேல் சாணஉரம் கலந்த மண் போடவேண்டும். மட்டை நீரை உறிஞ்சி வைத்து வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். தூரைச் சுற்றிச் சருகு பரப்பினால் வெயில் அந்த ஈரத்தை எடுக்காது.

தண்ணீருக்கு எங்கே போவது? பள்ளிவாசலிலேயே இருக்கிறது. ஒருவர் வுழூவுக்கு மூன்று லீற்றர் செலவழித்தாலும், 200 பேர் வரும் பள்ளியில் ஒரு வக்துக்கு 600 லீற்றர். சவர்க்காரம் கலக்காத அந்த நீர் இப்போது காணுக்குள் போகிறது. ஒரு குழாயைத் திருப்பிவிட்டால், கன்றுக்குப் பத்து லீற்றர் வீதம் 60 கன்றுகள் கச்சானைத் தாண்டிவிடும். நட்ட மரத்தில் பறவையும் கால்நடையும் உண்பதுகூட ஸதகாவாகும் என்று நபிகளார் சொன்னதை ஜும்ஆவில் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அந்த நன்மை மரம் உயிரோடிருந்தால்தானே!

இந்த மாரியில் கன்று நடப்போகும் ஜமாஅத்தாரும் அதிபர்மாரும் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு கன்றுக்கும் செப்டெம்பர் வரை தண்ணீர் ஊற்றப்போகிறவர் யாரென்று பெயர் எழுதிவிட்டுக் குழி வெட்டுங்கள்.